பெயர் பதிந்தால் மட்டும் போதுமா?



ஊரில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பு தொடங்கப் போகின்றது என்றால் முதலில் நடப்பது பெயர் பதிவுதான். கிராம அலுவலரின் அறிவித்தல் பலகையிலோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலோ செய்தி வரும். தையல், கேக் செய்தல், கணினி, அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று பட்டியல் இருக்கும். முதல் நாள் கதிரைகள் நிறைந்திருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பல கதிரைகள் வெறுமையாகிவிடும். உடனே, "இந்தப் பெண்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று ஒரு பேச்சு எழும்.

நின்றுபோன ஒருத்தியிடம் காரணத்தைக் கேட்டுப் பாருங்கள். "அக்கா, காலமை எட்டரைக்கு வகுப்பு எண்டால் நான் பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டு வாறது?" என்பாள். அவளைத் தடுத்தது வகுப்பின் நேரசூசி. பெயரைப் பதிந்தவர்கள் அவளுடைய நாள் எப்படிப் போகின்றது என்று கேட்கவில்லை. வகுப்பில் சேரும் பெண்களும் வகுப்பை நடத்துபவர்களும் இந்த விடயத்தில் கவனிக்க வேண்டியவற்றை இம்மாதம் பார்ப்போம்.

ஒரு நாளின் கணக்கு

இலுப்பைக்கடவையை எடுத்துக்கொள்வோம். மன்னாரில் இருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், மாந்தை மேற்குப் பிரதேச செயலர் பிரிவில் உள்ள ஊர். 2008ஆம் ஆண்டு யுத்தம் இந்தக் கரையோரமாக நகர்ந்தபோது விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் மக்கள் எல்லாவற்றையும் விட்டு இடம்பெயர்ந்தார்கள். யுத்தம் முடிந்து மீள்குடியேறியபோது பல வீடுகளில் குடும்பப் பொறுப்பு முழுவதும் பெண்ணின் தலையில் இருந்தது.

அப்படி ஒரு தாயின் நாளைப் பாருங்கள். விடியமுன் எழும்பித் தண்ணீர் அள்ளிச் சமைக்க வேண்டும். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி பிற்பகல் 1.30க்கு முடியும். கடற்கரை வீடென்றால் வலையில் இருந்து நண்டு எடுக்கும் வேலை காலையில் காத்திருக்கும். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு விதைப்புக் காலமும் அறுவடைக் காலமும்தான் நாலு காசு கைக்கு வரும் காலம்.

மன்னார் நகரில் காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் போக அவள் பாடசாலை தொடங்கமுன்பே பஸ் ஏற வேண்டும். வகுப்பு முடிந்து வீடு வந்து சேர இருட்டிவிடும். பிள்ளை பிற்பகலில் வந்து பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கும். பெரிய வீதியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருட்டில் தனியே நடப்பதும் எல்லோருக்கும் இயலாது. அதே வகுப்பு 8.30 முதல் 12.30 வரை ஊரிலோ பக்கத்து ஊரிலோ நடந்தால் அவள் ஒரு நாளும் தவறமாட்டாள்.

சமுதாயக் கல்லூரிகள் காட்டிய வழி

இந்தச் சிக்கலை மற்ற நாடுகளும் கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டு இல்லினோய் மாநிலத்தின் ஜோலியெட் நகரில் ஒரு சிறு கல்லூரி தொடங்கியது. அங்கிருந்து வளர்ந்தவைதான் இன்றைய சமுதாயக் கல்லூரிகள். வேலை செய்பவர்களும் தாய்மாரும் பகுதிநேரமாகப் படிக்க மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு என்று அவை நேரத்தைப் பிரித்துக் கொடுத்தன.

தமிழ்ப் பிரதேசங்களில் 1995ஆம் ஆண்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996ஆம் ஆண்டு சென்னை-மயிலை மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பின்னர் தமிழ்நாட்டில் இவை பரவின. பாடசாலையை இடையில் விட்டவர்களையும் வயது கடந்தவர்களையும் சேர்த்துக்கொள்வதே இவற்றின் நோக்கம். தொழில் திறனோடு வாழ்க்கைத் திறனும் கற்பித்து, பின்பு வேலைத்தலத்தில் பயிற்சியும் கொடுத்தார்கள்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. யாருக்காக வகுப்பு நடத்துகின்றோமோ அவர்களுடைய நேரத்தை முதலில் கேட்க வேண்டும். நேரசூசியை அதற்குப் பின்புதான் எழுத வேண்டும்.

நேரசூசி போடும் முறை

வகுப்பை நடத்தும் சங்கங்களும் ஆசிரியைகளும் இதைக் கவனியுங்கள். ஒரு கற்கைநெறி 600 மணித்தியாலம் என்று வைப்போம். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமாகக் கிழமைக்கு ஐந்து நாள் நடத்தினால் 20 கிழமையில் முடியும். நாலு மணித்தியாலமாக ஐந்து நாள் நடத்தினால் 30 கிழமை. நாலு மணித்தியாலமாக மூன்று நாள் மட்டும் என்றால் 50 கிழமை. கெதியாக முடிப்பது நல்லதுபோலத் தெரியும். ஆனால் 20 கிழமைத் திட்டத்தில் அரைவாசிப் பேர் நின்றுவிட்டால் அந்தக் கெதியால் பயன் என்ன? அதேபோல 50 கிழமை இழுபட்டாலும் பெண்கள் களைத்துப்போவார்கள். 30 கிழமை, பாடசாலை நேரத்துக்குள் வகுப்பு என்பது பல தாய்மாருக்குப் பொருந்தும்.

அடுத்தது இயந்திரக் கணக்கு. பத்துத் தையல் இயந்திரத்துக்கு இருபது பேரைப் பதிந்து ஒரே நேரத்தில் இருத்தினால் பாதிப் பேர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். காலைப் பிரிவு ஒன்று, பிற்பகல் பிரிவு ஒன்று என்று பிரியுங்கள். எந்தப் பிரிவு வசதி என்று பெயர் பதியும்போதே கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது நாட்காட்டி. மடு மாதாவின் ஆடி, ஆவணித் திருவிழாக்கள், திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி, மாரி மழை, விதைப்பு, அறுவடை ஆகிய நாட்களை முன்பே குறித்து வைத்து அவற்றைத் தவிர்த்து வகுப்பு நாட்களைப் போடுங்கள். பரீட்சையை அறுவடைக் கிழமையில் வைக்க வேண்டாம்.

நாலாவது வரவுப் பதிவு. ஒருத்தி தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் அன்றே ஒருவரை அனுப்பி விசாரியுங்கள். ஒரு மாதம் கழித்து விசாரித்தால் அவள் வெட்கப்பட்டுத் திரும்பி வரமாட்டாள். காத்திருப்போர் பட்டியல் ஒன்றும் வைத்திருங்கள். முதற் கிழமையில் ஒரு இடம் வெறுமையானால் அடுத்தவரை அழைக்கலாம்.

பத்திரங்கள் இல்லாவிட்டால்

இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த சகோதரிகள் பெயர் பதியவே தயங்குகின்றார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. பெயரும் முதலெழுத்தும் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருந்தால் வகுப்பில் சேரும்போதே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் அச்சடித்த பின் திருத்துவது பெரிய அலைச்சல்.

படிவத்தில் கணவரைப் பற்றிய கேள்வி வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிடும் சகோதரிகள் எம்மிடையே உள்ளார்கள். கணவர் காணாமற்போயிருந்தால் அவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறலாம். அதை எடுப்பதா இல்லையா என்பது உங்களுடைய முடிவு. உங்கள் படிப்புக்கான விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்தைப் போட நீங்களே போதும்.

சான்றிதழுக்குப் பெறுமதி உண்டா?

மீள்குடியேற்றத்தின் பின் இரண்டு கிழமை, ஒரு மாதம் என்று பல பயிற்சிகள் வந்துபோயின. சான்றிதழ்கள் அலுமாரியில் இருக்கின்றன. வேலைக்குக் கொண்டுபோனால் அவற்றில் பலதை ஏற்கின்றார்கள் இல்லை. ஆகவே பதியமுன் இரண்டு விடயம் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? அந்தக் கற்கைநெறி தேசிய தொழில் தகைமைக்கு, அதாவது என்.வி.கியூவுக்கு, அங்கீகாரம் பெற்றதா? இந்தத் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. நாலாம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். இன்று கீழ் மட்டத்தில் சேர்பவர் நாளை மேலே போகலாம்.

இடையில் நின்றவர்களும் மனம் சோர வேண்டாம். இந்த முறையில் தொழிலைப் பகுதி பகுதியாகப் பிரித்தே மதிப்பிடுகின்றார்கள். நீங்கள் மதிப்பீட்டில் தேறிய பகுதிகளுக்குப் பதிவு இருக்கின்றதா என்று நிலையத்தில் கேளுங்கள். வகுப்புக்கே போகாமல் இருபது வருடம் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவருக்கும் ஒரு வழி உண்டு. அதற்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். நைட்டா என்னும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். நீங்கள் செய்த வேலைக்குச் சான்றுகளைச் சேர்த்து, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்ட வேண்டும்.

பெயர் பதியமுன் கேட்க வேண்டியவை

வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும்? கிழமையில் எத்தனை நாள், மொத்தம் எத்தனை மாதம்? பரீட்சைக்கு எத்தனை வீதம் வரவு வேண்டும்? பிள்ளைக்குச் சுகமில்லாமல் தவறவிட்ட வகுப்பை எப்படி ஈடுசெய்யலாம்? கட்டணம் உண்டா, பிரயாணப்படி உண்டா? சிறு பிள்ளையைக் கூட்டிவரலாமா? வேலைத்தலப் பயிற்சி எந்த ஊரில்? இந்தக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்பதால் இடம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

தனியே கேட்கக் கூச்சமாக இருந்தால் ஐந்தாறு பேராகச் சேர்ந்து கேளுங்கள். "எங்களுக்குப் பன்னிரண்டரைக்கு முடியிற மாதிரி வகுப்பு வேணும்" என்று ஒரு சங்கமாக எழுதிக் கொடுத்தால் நிலையப் பொறுப்பாளருக்கும் நேரத்தை மாற்ற ஒரு ஆதாரம் கிடைக்கும். ஒரே ஒழுங்கையில் இருந்து போகும் நாலு பேர் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் நாலு பேரும் படிக்கலாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். யார் யாருக்கு எந்த நேரம் வசதி என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், அடுத்த முறை வகுப்பு அறிவித்தல் வரும்போது உங்கள் ஊர்ப் பெண்களின் பெயரோடு அவர்களுடைய நேரமும் பதிவாகும்.