கோபுரம் நம் கொல்லையில். படம் யார் கையில்?

சின்னசேலம் சுற்றுவட்டாரத்தில் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே கால் ஊன்றி நிற்கும் மின் கோபுரங்களை நமது வாசகர்கள் தினந்தோறும் பார்க்கிறார்கள். அதன் நிழலில் களை வெட்டுகிறார்கள். அதன் அடியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். ஆனால், இந்தக் கம்பி எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது, எத்தனை வோல்ட் மின்சாரம் நம் தலைக்கு மேல் ஓடுகிறது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் ஊரில் அநேகமாக இல்லை. பட்டா வைத்திருப்பவருக்கே தெரியாது. அளவைக்காரர்கள் வந்து முளை அடித்த அன்றுதான் தன் கொல்லை வழியாகப் பாதை வருகிறது என்று அவர் அறிந்தார்.

இது தானாக வந்த அறியாமை அல்ல. பாதை போட்டவர்களிடம் படம் இருக்கிறது. பாதைக்குக் கீழே வாழ்கிறவர்களிடம் இல்லை. சர்க்கார் வெளியிடும் படங்களில் ஊருக்கு ஊர் ஒரு கோடு இழுத்திருக்கும்; எந்த வரப்பில் எந்தக் கோபுரம் என்று அதைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த நிலைமையை மாற்றச் சம்பளம் வாங்காத தொண்டர்கள் பல நாடுகளில் கிளம்பியிருக்கிறார்கள். ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற பொது வரைபடத்தில் மின் கோபுரம், கம்பி, துணை மின் நிலையம், காற்றாலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குறித்து வருகிறார்கள். இந்த வரைபடத்தை 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கியவர் ஸ்டீவ் கோஸ்ட் என்ற மாணவர். அந்நாட்டு அளவைத் துறை மக்களின் வரிப்பணத்தில் படம் தயாரித்து, அந்தப் படத்தை மக்களுக்கே விலைக்கு விற்றது. அப்படியானால் நாமே வரைந்துகொள்வோம் என்று கிளம்பியவர்கள் இன்று உலகம் முழுவதையும் வரைந்து கொண்டிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்களே குறித்துக் காட்டியதும் இதே வரைபடத்தின் மேல்தான்.

வேலை எப்படி நடக்கிறது? செயற்கைக்கோள் எடுத்த படத்தில் கம்பி தெரியாது. கோபுரத்தின் நிழல் தெரியும். ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு, முந்நூறு நானூறு மீட்டர் தாண்டித் தாண்டி, துணை மின் நிலையம் வரும் வரை தொடர்ந்து போக வேண்டும். முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளையும் அவற்றின் நீண்ட நிழலை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். ஆனால் வோல்ட் எவ்வளவு என்பதை வானத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் தரையில் நிற்கும் மனிதன் வேண்டும். கோபுரத்தின் கையிலிருந்து கம்பியைத் தாங்கித் தொங்கும் பீங்கான் தட்டுகளை எண்ண வேண்டும். ஏழெட்டுத் தட்டு என்றால் பெரும்பாலும் 110 கிலோவோல்ட். பதினான்கு பதினைந்து என்றால் 230. இருபத்துமூன்று போல இருந்தால் 400. உச்சியில் ஓடும் இடிதாங்கிக் கம்பியைத் தள்ளி, மூன்று கம்பி இருந்தால் ஒரு சுற்று, ஆறு இருந்தால் இரண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நம் தோழருக்கும் எண்ணத் தெரியும்.

இதனால் உழைப்பாளிக்கு என்ன பயன்? கொங்கு நாட்டு விவசாயிகளைக் கேட்போம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் பாதை, 6000 மெகாவாட் கொண்டுவருவதற்காக, 1,700 கிலோமீட்டருக்கு மேல் இழுக்கப்பட்டது. இதுபோன்ற உயர்மின் கோபுரங்கள் எங்கள் நிலத்தில் வேண்டாம், சாலையோரமாகப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் 2018 இல் போராடினார்கள். நடக்காத காரியம் என்றார்கள் அதிகாரிகள். அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் பாதை, கேரளத்துக்குள் ஒரு பகுதி தூரம் பூமிக்கடியில் கேபிளாகவே போகிறது! எல்லைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியை ஆதாரத்தோடு கேட்கப் படம் கையில் இருக்க வேண்டும்.

நஷ்டஈட்டு விஷயத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரன் 1885 இல் போட்ட தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதை போடுகிறவர்களுக்கு வழங்க 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164 ஆவது பிரிவு இடம் தருகிறது. நிலத்தை வாங்க வேண்டியதில்லை. நிலம் உன்னுடையதே, கோபுரம் மட்டும் எங்களுடையது என்று சொல்லிவிடலாம். 2015 இல் மத்திய மின்துறை வகுத்த நெறிமுறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி செல்லும் பட்டைக்கு 15 சதவீதம் வரையிலும் தரச் சொன்னது. விவசாயிகள் விடவில்லை. 2024 ஜூனில் அது 200 சதவீதம் என்றும் 30 சதவீதம் என்றும் உயர்ந்தது. ஆனால் இது நெறிமுறைதான். எத்தனை சென்ட், எந்தப் பட்டை, எந்தக் கோபுரம் என்று அளந்து சொல்கிறவன் பாதை போடுகிறவனே என்றால் பேரம் எங்கே சமமாக நடக்கும்? குத்தகைக்கு உழுகிறவருக்கும், அந்தக் கொல்லையில் கூலி வேலை இழந்தவருக்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆலைத் தொழிலாளர்கள் 2012 ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். நாளெல்லாம் மின்வெட்டு, ஷிப்டு ஷிப்டாக வேலை போயிற்று. அந்த ஆண்டுகளிலேயே தெற்கே காற்று வீசும் மாதங்களில் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். உற்பத்தியாகும் மின்சாரத்தைக் கொண்டுவரப் போதிய பாதை இல்லை! எங்கே பாதை குறுகியிருக்கிறது என்பதை அன்று பொதுமக்கள் பார்க்கும்படி யாரும் வைக்கவில்லை. இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை கொண்ட மாநிலம் நம்முடையது. அந்தக் கேள்வியை அதிகாரிகளிடம் மட்டும் விட்டுவைப்பது நியாயமா?

மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. 2024 ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து அங்குள்ள மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி விசாரிக்க வேண்டியதாயிற்று. மலையாளி மக்களின் குடியிருப்புகளில் எது வரை கம்பம் போயிருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று ஊர் ஊராகக் குறித்த ஒரு படம் கையில் இருந்தால், மனு எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய சாட்சி எது?

இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. நாட்டின் பாதுகாப்பு என்னாவது என்பது ஒன்று. நூறடி உயரத்தில், ஊரே பார்க்க நிற்கும் கோபுரத்தில் என்ன ரகசியம்? தடை செய்யப்பட்ட சில விவரங்களைத் தவிர, இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வேண்டியதில்லை என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசே அறிவித்துவிட்டது.

மற்றது நாமே எழுப்புவது. தொண்டர்கள் கூலியில்லாமல் உழைத்துச் சேர்த்ததை அமேசான், மெட்டா, மைக்ரோசாப்ட் போன்ற ஏகபோகக் கம்பெனிகளும் எடுத்துப் பயன்படுத்துகின்றன. 2022 இல் அவை சேர்ந்து தங்களுக்கென ஒரு வரைபட அமைப்பையே தொடங்கின. இது நமக்குப் பிடித்த ஏற்பாடு அல்ல. ஆயினும், இந்த விவரத்தைக் கொண்டு வேறொரு விவரத் தொகுப்பைத் தயாரித்து வெளியிடுகிறவன் அதையும் அதே நிபந்தனையில் எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும் என்று உரிமப் பத்திரம் கட்டளையிடுகிறது. கம்பெனி எடுக்கலாம், பூட்டிவைக்க முடியாது. பூட்டிய படத்தைவிட இது எவ்வளவோ மேல்.

தொண்டர்களின் வேலையில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. அவர்கள் வரைவது பெரும்பாலும் பெரிய கோபுரங்களை. நமது ஆட்களைக் கொல்வதோ சாதாரணக் கம்பத்தில் தாழ்ந்து தொங்கும் சின்னக் கம்பி. 11 கிலோவோல்ட் கம்பி வயல்வெளியில் தரையிலிருந்து 4.6 மீட்டருக்கு, அதாவது சுமார் 15 அடிக்கு, கீழே இறங்கக்கூடாது என்பது விதி. கரும்பு ஏற்றிய டிராக்டரின் மேல் உட்கார்ந்து வருகிறவருக்கு இந்த விதி காப்பாற்றப்படுகிறதா என்பது நன்றாகத் தெரியும். இந்தக் கம்பியைச் செயற்கைக்கோள் பார்க்காது. லண்டனில் இருக்கும் தொண்டருக்கும் தெரியாது.

ஆகையால் நாம் கேட்பது இது: புதிய மின்பாதை எதுவானாலும், முளை அடிப்பதற்கு முன்பே புல எண் வாரியாகப் படத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். மின்வாரியக் கம்பெனிகள் தங்கள் பாதை விவரங்களைப் பொது வரைபடத்துக்குத் திறந்து கொடுக்க வேண்டும்.

அது வரும்வரை நமது வாலிபர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர், ஒரு செல்போன், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சின்னசேலம் ரயில் நிலையத்திலிருந்து தொடங்கலாம். தாழ்ந்த கம்பி கண்ட இடத்தைப் படத்தில் குறியுங்கள்; அன்றே ‘மின்னக’த்துக்குப் போன் செய்து புகார் எண்ணையும் வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கோபுரத்தில் ஏற வேண்டாம், துணை மின் நிலைய வேலிக்குள் கால் வைக்க வேண்டாம். ரோட்டில் நின்றே தட்டுகளை எண்ணலாம்.