திரைக்குள் அடங்கினால் போதுமா?

விருந்தினர் விடுதிக்கோ படகுச் சேவைக்கோ இணையப்பக்கம் அமைப்போரிடையே வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: “ரெஸ்பொன்சிவ்” என்று பெயரிட்டு விற்கப்படும், அதாவது திரையின் அகலத்துக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும், வார்ப்புரு ஒன்றை வாங்கிப் பொருத்தி, பக்கம் கைத்தொலைபேசித் திரையைத் தாண்டி வழியாமல் அடங்கிவிட்டால் வேலை முடிந்தது என்பதே அது. இது உலகெங்கும் பரவிய மயக்கம்தான் எனினும், திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து வடக்கே உப்புவெளி, நிலாவெளி வரை நீளும் கரையில் அதன் கேடு கூடுதலாக உறைக்கும். ஏனெனில் கடல் அடங்கியிருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிலேயே அங்குள்ள விடுதிக்காரரும் படகோட்டியும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கை பிறந்த விதம் நியாயமானதே. 2007இல் வெளிவந்த ஐபோனின் உலாவி, கணினிக்கென எழுதப்பட்ட பக்கங்களைக் காட்டுவதற்காகத் தன் சிறு திரையை 980 பிக்சல் அகலமுடையதாகப் பாவித்துக்கொண்டு முழுப்பக்கத்தையும் சுருக்கிக் காட்டியதால், வாசிப்பவர் இரு விரலால் விரித்து விரித்துப் படிக்க நேர்ந்தது. 2010 மே மாதத்தில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்கொட் ‘எ லிஸ்ட் அபார்ட்’ என்ற இணைய இதழில் எழுதிய கட்டுரை இதற்கு விடை கூறியது. விழுக்காட்டில் அளக்கப்படும் நெகிழ்வான கட்டங்கள், அக்கட்டங்களுக்குள் சுருங்கும் படங்கள், திரையின் அகலத்தை அறிந்து அதற்குரிய விதிகளைச் செயற்படுத்தும் ‘மீடியா குவரி’ ஆகிய மூன்றையும் அவர் ஒன்றிணைத்தார். அவர் தீர்த்துவைத்தது இடவமைப்புச் சிக்கலை. அதற்கு மேலான வாக்குறுதிகளெல்லாம் வார்ப்புரு விற்பவர்கள் பின்னர் சேர்த்துக்கொண்டவை.

இடவமைப்பு மாறுவதால் எதை முதலில் சொல்ல வேண்டும் என்ற முடிவு தானாகப் பிறந்துவிடாது. கணினித் திரையில் இடப்பக்கம் படங்களும் விடுதியின் கதையும், வலப்பக்கம் தொலைபேசி இலக்கமும் கட்டணமும் என இரு பத்திகளாக அமைந்த பக்கம், 360 பிக்சல் அகலத்துக்கு வந்ததும் வலப்பத்தியை இடப்பத்தியின் கீழே இறக்கிவிடுகிறது. கணினியில் முதற்பார்வையிலேயே தெரிந்த இலக்கம், கைத்தொலைபேசியில் எல்லாப் படங்களுக்கும் உரிமையாளரின் வரலாற்றுக்கும் அடியில் போய்க் கிடக்கிறது. விதி பிழையின்றி இயங்கியிருக்கிறது, வடிவமைப்பாளர்தான் இயங்கவில்லை.

பக்கத்தின் எடையும் அப்படியே இருந்துவிடுகிறது. கைத்தொலைபேசியால் எடுத்த 4,000 பிக்சல் அகலமான படத்தை அப்படியே ஏற்றினால், கட்டம் அதன் தோற்றத்தை மட்டுமே சுருக்கும்; பல மெகாபைட் தரவு முழுவதும் வாசகரின் டேட்டாவிலிருந்து கழிந்த பின்னரே படம் தெளியும். 360 பிக்சல் அகலத்தில், ஒரு பிக்சலின் அகலத்துக்கு மூன்று நுண்புள்ளிகளைக் கொண்ட உயர்ரகத் திரைக்குங்கூட 1,080 பிக்சல் அகலமான படம் போதும். ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்து, உரியதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உலாவியிடம் விடும் ‘எஸ்ஆர்சிசெட்’ என்ற பண்பு இதற்கெனவே உள்ளது. அதைப் பயன்படுத்தாமல், சிறுதிரைக்கு வேண்டாத படத்தை மறைத்துவிட்டால் சுமை குறையும் என்று எண்ணுவது வீண். பக்கத்தில் வழக்கமான முறையில் இடப்பட்ட படம் கண்ணுக்கு மறைந்தாலும் பெரும்பாலும் பதிவிறங்கவே செய்யும்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு குறையும் சேர்கிறது. இலங்கையில் பல்லாண்டு கோலோச்சிய பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ‘யூனிகோட்’ எனப்படும் ஒருங்குறிக்கு உட்படாதவை. அவற்றில் தட்டிய உரை, எழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அதற்கு அஞ்சி உரையைப் படமாக மாற்றி ஒட்டும் வழக்கம் வந்தது. 1,200 பிக்சல் அகலமான அத்தகைய படம் 360 பிக்சலுக்குச் சுருங்கும்போது 20 பிக்சல் உயர எழுத்து 6 பிக்சலாகிறது. பக்கம் திரைக்குள் கச்சிதமாக அடங்கியிருக்கும், ஒரு வரியையும் படிக்க முடியாது. தேடுபொறிக்கு அது வெறும் படம், பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு வெறும் மௌனம். ஒருங்குறியில் எழுதினாலும், ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கென வரையப்பட்ட பொத்தானில் “முன்பதிவு செய்யுங்கள்” என்பது வரி உடைந்து பிதுங்கும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வழங்கும் மாவட்டத்தில் ஆங்கில மாதிரி உரையை மட்டும் இட்டு வார்ப்புருவைச் சோதிப்பது சோதனையே ஆகாது.

இந்த நம்பிக்கைக்கு அரண் செய்தது கூகுள் நிறுவனம். 2015 ஏப்ரல் 21 முதல், கைத்தொலைபேசிக்கு இசைந்த பக்கங்களுக்குத் தேடல் முடிவுகளில் முன்னுரிமை அளிக்கத் தொடங்கிய அந்நிறுவனம், பக்கம் தேறியதா என்று சொல்லும் இலவசச் சோதனைக் கருவியையும் வழங்கியது. அதில் தேறியதே தரச்சான்றாகிவிட்டது. ஆனால் 2020இல் அதே நிறுவனம் பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கம் இரண்டரை வினாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது போன்ற வேக அளவுகோல்களை முன்வைத்தது, 2023 டிசெம்பரில் அந்தப் பழைய சோதனைக் கருவியையே விலக்கிக்கொண்டது. தேர்வு நடத்தியவரே கைவிட்ட வினாத்தாளில் பெற்ற புள்ளியை இன்னும் காட்டிக்கொண்டிருப்பதில் பெருமை இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு இறங்குபக்கத்தில் நேர்கிறது. தேடலிலோ முகநூல் விளம்பரத்திலோ ஓர் இணைப்பைத் தொட்டவர் முதலில் வந்துசேரும், அவரை ஒரே செயலுக்கு இட்டுச்செல்ல எழுதப்படும் பக்கமே இறங்குபக்கம். நிலாவெளிக்கு அண்மையிலுள்ள புறாத்தீவுக்குப் போக விரும்புபவர் கேட்பவை சில கேள்விகளே: இம்மாதம் கடல் இடங்கொடுக்குமா, படகு எங்கிருந்து புறப்படும், கட்டணம் எவ்வளவு, யாரை அழைப்பது? 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவு என்பதால் நுழைவுக் கட்டணம் படகுக் கூலிக்குப் புறம்பானது என்பதையும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதையும் வெளியூரார் அறியார். இவற்றுக்கு விடை தராமல், கோணேஸ்வரக் கோயிலும் துறைமுகமும் டொல்பினும் மாறி மாறி நகரும் படவரிசையை உச்சியில் வைப்பதே இப்போதைய நடைமுறை. அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகத் தளத்தில் இத்தகைய படவரிசையை எரிக் ரன்யன் அளந்து 2013இல் வெளியிட்டபோது, அதைச் சொடுக்கியவர் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் சொடுக்கியது முதற்படத்தை. “கட்டணத்துக்குத் தொடர்புகொள்ளவும்” என்று எழுதி மறைப்பது இதைவிடக் கேடு. விலை தெரியாதவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

எல்லாவற்றையும் போடச் சொல்வது உரிமையாளரே என்று வடிவமைப்பாளர் முறையிடுவதுண்டு. அதில் உண்மை இருக்கலாம். எனினும், எதை விடலாம் என்று எடுத்துச் சொல்வதும் அவர் பெறும் கூலிக்குள் அடங்கிய வேலைதான். ஆகவே புதிதாகக் கற்பவர் வார்ப்புருவைத் திறக்குமுன், வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் ஒருங்குறித் தமிழில் எழுதி முடிக்கட்டும். அவ்விடைகளையும் தொட்டவுடன் அழைப்பு செல்லும் ஓர் இலக்கத்தையும் 360 பிக்சல் அகலத்தில் முதலில் அமைத்து, மலிவான கைத்தொலைபேசி ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, நண்பகல் வெயிலில் படித்துப் பார்க்கட்டும். கணினித் திரைக்காக அதை அகலப்படுத்துவது அதன் பின்னர் செய்ய வேண்டிய சிறு வேலை. அதுவரை, திரைக்குள் அடங்கியதை மட்டும் காட்டி முழுக்கூலி கேட்பது முறையன்று.