சாம்பற் கிண்ணம் வைத்தவர் யார்?

சட்டம் இல்லாத ஊரில் ஓர் அக்கிரமம் நடக்குமானால் சர்க்காரைக் குறை கூறலாம். சட்டம் இருக்கிறது, அபராதத் தொகை இருக்கிறது, சுவரில் சிவப்பு வட்டமிட்ட பலகையும் தொங்குகிறது. அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒருவர் சிகரெட்டுப் புகையை ஊதிக்கொண்டிருக்கிறார் என்றால், யாரைக் குறை கூறுவது? இக்கேள்விக்கு விடை பலருக்குக் கசக்கும். எழுதுகிற எனக்கே கசக்கத்தான் செய்கிறது.

பங்சார் என்றவுடன் இன்று மாளிகைகளும் காப்பிக் கடைகளுமே நினைவுக்கு வரும். ஆனால் அப்பெயரே பூங்கே, கிரிசார் என்னும் இரு பெல்ஜியரின் பெயரைத் தாங்கிய ரப்பர் தோட்டத்தின் பெயர் மருவி வந்தது என்பர். நம்மவர் பால் மரம் வெட்டிய மண் அது. அம்மண்ணில், தெலாவி வீதிகளை ஒட்டிய ஓர் உணவுக் கடையில் சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். குற்றம் அக்கடை ஒன்றுக்கு மட்டும் உரியதன்று. அடுத்த மேசையில் ஓர் இளந்தாய், மடியில் கைக்குழந்தை. அதற்கடுத்த மேசையில் மூன்று கனவான்கள். அவர்களில் ஒருவர் சிகரெட்டைப் பற்ற வைத்தார். பரிமாறுகிற பையன் ஓடி வந்தான். தடுக்க வருகிறான் என்று எண்ணினேன். அவன் கொண்டு வந்ததோ ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அடியில் ஈரக் காகிதம் இட்டிருந்தது. சாம்பற் கிண்ணம் என்று சட்டத்தில் சொல்ல இடமில்லாத சாம்பற் கிண்ணம்!

"ஏன் தம்பி, இதை நீயே கொண்டுவந்து வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"வைக்கலேன்னா தரையில தட்டுவாங்க அண்ணே. வேணாம்னு சொன்னா வாடிக்கை போயிரும்னு மொதலாளி கோவிப்பாரு" என்றான். இராமநாதபுரத்துப் பிள்ளை. மாலை 5 மணிக்கு நிற்க ஆரம்பித்தால் நள்ளிரவு கடந்துதான் உட்காருவானாம்.

இதற்குள் அந்தத் தாய் நாற்காலியை இழுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விட்டாள். இதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். எழுந்து போனது புகை அல்ல, குழந்தை. குற்றம் செய்தவர் இருந்த இடத்தில் இருக்க, குற்றத்துக்கு ஆளானவள் இடம் பெயர்ந்தாள். அதுவும், வழி விடச் சொல்லித் தொந்தரவு செய்துவிட்டதைப் போல, முகத்தில் ஒரு கூச்சத்தோடு!

இந்நாட்டுச் சட்டத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம். 2004-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் குளிர்சாதனம் பொருத்திய உணவகங்களில் புகைப்பதைத் தடுத்தன. அதாவது, குளிர்ந்த காற்றுக்கு விலை கொடுக்கக் கூடியவனுக்குச் சுத்தமான காற்றும் கிடைத்தது. மின்விசிறிக்கடியில் ரொட்டி சானாய் தின்கிற லாரி ஓட்டிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அது கிடைக்க மேலும் 15 ஆண்டுகள் பிடித்தன. 2019 ஜனவரி 1 முதல்தான் எல்லா உணவுக் கடைகளும், ஒட்டுக்கடைகள் உட்பட, தடைக்குள் வந்தன. புகைப்பவர் மேசையிலிருந்து 3 மீட்டர், அதாவது 10 அடி, தள்ளிப் போக வேண்டும் என்று விதித்தார்கள். ஓராண்டுக் காலம் எச்சரிக்கை மட்டும். 2020 ஜனவரி முதல் அபராதம். பிறகு 2024 அக்டோபர் 1-இல் புகைப்பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் அமுலுக்கு வந்தது. வேப் என்கிற மின் சிகரெட்டையும் அது விடவில்லை. தடுத்த இடத்தில் புகைத்தால் 5,000 வெள்ளி வரையில் அபராதம். தம் இடத்தில் யாரும் புகைக்காதபடி பார்த்துக்கொள்வது கடைக்காரரின் கடமை என்றும் சட்டம் சொல்லுகிறது.

ஆக, ஏட்டில் குறை ஒன்றுமில்லை. குறை எங்கே என்றால், மத்தியில் இயற்றிய சட்டத்தை வீதியில் நடத்துவதற்கு வீதிக்காரர் எவரும் இல்லை என்பதில்தான். சுகாதார உத்தியோகஸ்தர்கள் எத்தனை பேர்? இரவு 11 மணிக்கு எத்தனை மேசைகளை அவர்கள் சுற்றி வரமுடியும்? அவர்கள் வருகிற அன்று கோப்பைகள் மறைகின்றன; போன மறுநாள் திரும்பி வருகின்றன. அந்த 10 அடிக் கதையோ இன்னும் வேடிக்கை. தரையில் மஞ்சட் கோடு ஒன்றைப் போட்டு, கோட்டுக்கப்பால் இரண்டு மேசைகளையும் போட்டு வைக்கிறார்கள். மேசை போட்ட இடமெல்லாம் கடைதான் என்பதைக் கடைக்காரர் கணக்குப் பார்க்கும்போது மட்டும் மறப்பதில்லை.

"உலகத்தில் வேறு கவலையே இல்லையா? ஒரு சிகரெட்டில் என்ன வந்துவிட்டது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானில் ஹிராயாமா என்ற வைத்திய ஆராய்ச்சியாளர், தாம் புகைக்காத 91,540 மனைவிமாரை 14 ஆண்டுகள் கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். அதிகமாகப் புகைக்கும் கணவனோடு வாழ்ந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று அதில் கண்டது. அப்பெண்கள் ஒருத்தியும் சிகரெட்டைத் தொட்டவளல்லள். கணவனோடு ஒரே கூரையின் கீழ் மூச்சு விட்டதே அவர்கள் செய்த பாவம். நமது இராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் புகையையன்று, நூறு பேர் புகையை இரவெல்லாம் சுவாசிக்கிறான். அதற்குச் சம்பளம் தனியாக இல்லை.

இனி, "உரிமை" வாதிகள். புகைப்போர் சிலர் இத்தடையை எதிர்த்துக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்துக்கே போனார்கள். 2019-இல் மனு தள்ளுபடியாயிற்று. அவர்கள் வழக்காடியதை நான் குறை சொல்லவில்லை. பொது இடத்தில் நியாயம் கேட்பவன், மேசைக்கடியில் கோப்பையை மறைப்பவனைவிட நேர்மையானவன். ஆனால் அந்த உரிமை எதுவரையில் செல்லும்? தன் வீட்டுத் திண்ணையில் ஒருவர் சுருட்டுப் பிடித்தால் நான் சென்று பிடுங்கப்போவதில்லை. காற்றுக்கு மட்டும் வேலி கிடையாது. அதனால்தான் இந்தச் சட்டம். இதே கனவான்கள் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய்விட்டால் எவ்வளவு சாதுவாகி விடுகிறார்கள்! ஆர்ச்சர்ட் சாலையில் 2019 ஜனவரி முதல் குறித்த இடங்களில் மட்டுமே புகைக்கலாம். அந்த இடத்தைத் தேடிக் கால் மைல் நடப்பார்கள். அங்கே செல்லாத உரிமை இங்கே மட்டும் எப்படி முளைக்கிறது?

உண்மையில் இது உரிமைப் பிரச்சினையே அல்ல. நம்மவரைப் பொறுத்தவரை இது தாட்சண்யம் என்னும் நோய். தமிழன் புகையின் அசிங்கத்தை அறியாதவனல்லன். தகப்பனைக் கண்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறவன் அவன். மாமனார் எதிர்ப்பட்டால் சிகரெட்டைக் காலடியில் போட்டு மிதிக்கிறவன் அவன். பிறர் முகத்தில் புகையை விடுவது மரியாதைக் கேடு என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த மரியாதை மேல்நோக்கி மட்டுமே பாய்கிறது. வயதில் பெரியவனுக்கு, பணத்தில் பெரியவனுக்கு, பதவியில் பெரியவனுக்கு உண்டு. மடியிலிருக்கும் குழந்தைக்கும் மேசை துடைக்கும் பையனுக்கும் இல்லை. சுயமரியாதை பேசுகிற நாம் இதைச் சாதிப் புத்தி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

மேல்நோக்கிப் பாய்கிற அந்த மரியாதையை ஒருவர் உடைத்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2024 டிசம்பரில் வெளியுறவு மந்திரி முகமட் ஹசான் நெகிரி செம்பிலானில் ஓர் உணவுக் கடையில் புகைத்த படம் ஊரெங்கும் பரவியது. சுகாதார மந்திரி சுல்கிப்ளி அமாட், மந்திரியானாலும் சட்டம் ஒன்றே என்றார்; குற்ற அறிவிக்கையும் போயிற்று; வெளியுறவு மந்திரியும் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். மன்னிப்புக் கேட்டது நல்ல காரியம்தான். ஆனால் அதை நடத்தி வைத்தது எந்தப் படை? ஒரு கைப்பேசி! பக்கத்திலிருந்த யாரோ ஒருவருக்குத் தாட்சண்யம் இல்லாமற் போயிற்று, அவ்வளவே. பங்சாரில் அத்தகைய கைப்பேசிகளுக்குப் பஞ்சமா? ரொட்டி சானாயைப் படம் பிடிக்க மட்டும் அவை வெளியே வருகின்றன.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு தீமையை நிறுத்துவது நமக்குப் புதிதன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக் கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். துரைகளுக்கும் கிராணிகளுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. நானும் ஒரு கிராணி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் தலை குனிகிறேன். யுத்தத்துக்குப் பிறகு கெடாவில், பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றது. 1947-இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிரும் போயிற்று. கள் தொழிலாளியின் உடலுக்கு ஊட்டம் என்றுகூட அக்காலத்தில் வாதித்தவர்கள் உண்டு. "ஏழைக்கு அது ஒன்றுதானே இன்பம்" என்று இன்று சிகரெட்டுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் அந்த வாதத்தின் வாரிசுகளே.

அன்று கள்ளுக்கடை சர்க்காரின் அனுமதியோடு நடந்தது. சட்டம் எதிர்ப்பக்கத்தில் நின்றது. தொழிலாளி உயிரைப் பணயம் வைத்துப் போராட வேண்டியிருந்தது. இன்று சட்டம் நம் பக்கம். தடியும் வேண்டாம், மறியலும் வேண்டாம். தொண்டர் படையார் சிலசமயம் குடித்தவனைத் தண்டித்ததையும் நான் புகழ வரவில்லை. வேண்டுவதெல்லாம் ஒரு காகிதமும் பேனாவும் கொஞ்சம் வெட்கமின்மையும்.

எனது யோசனை இது. புகைப்பவனைத் துரத்துவதை விட்டுக் கிண்ணத்தைத் துரத்துவோம். புகைப்பவன் இன்று வருவான், நாளை வேறு கடைக்குப் போவான். கடைக்காரர் எங்கும் போகமாட்டார். அவருடைய வியாபார உரிமம் கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் கையில் இருக்கிறது. புகைச் சட்டமோ சுகாதார அமைச்சின் கையில். இந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று குலுக்கிக் கொள்ள வேண்டும். ஒரு கடையின் மேல் எத்தனை புகார்கள் நிரூபணமாயின என்ற கணக்கு உரிமம் புதுப்பிக்கும் நாளில் மேசைமேல் வைக்கப்படட்டும். அபராதம் 250 வெள்ளியைச் சிரித்துக்கொண்டே கட்டுகிற முதலாளிக்கும் உரிமம் என்றால் நெஞ்சு படபடக்கும். பிறகு பாருங்கள், வாடிக்கைக்காரரிடம் கைகூப்பி "வெளியே போய்ப் புகையுங்கள் ஐயா" என்று சொல்ல அந்தத் தம்பியை அவரே அனுப்புவார்!

புகார் எழுதுவது யார்? குடியிருப்போர் சங்கங்களும் ருக்குன் தெத்தாங்காக்களும் எதற்காக இருக்கின்றன? திருடனுக்காக இரவில் ரோந்து சுற்றுகிறவர்கள், போகிற வழியிலுள்ள கடைகளில் தேதி, நேரம், மேசை, கிண்ணம் இருந்ததா என்று குறித்துக்கொள்ளக் கூடாதா? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நமது கோயில் கமிட்டிகளும் வாசகசாலைகளும் உள்ளன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட நூறு தொண்டர்களைத் திரட்டுகிறவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுத நான்கு பேர் கிடைக்கமாட்டார்களா? ஓர் எச்சரிக்கை மட்டும்: புகாரில் பரிமாறுகிற பையனின் பெயர் வரக்கூடாது. வந்தால் மறுநாள் அவன் வேலை போகும். கோப்பை வேறொரு பையன் கையில் வரும்.

எங்கள் தோட்டத்து நண்பர்கள் மூவரும் நானும் அக்கடை முதலாளிக்கு இரு வாரங்களுக்கு முன் மலாயிலும் தமிழிலும் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, கல்லாவிலேயே கொடுத்து வந்தோம். பதில் வரவில்லை. சென்ற ஞாயிறும் அங்கே போனோம். கோப்பை அதே மேசையில் இருந்தது. அடுத்த பிரதி லெம்பா பந்தாய் சுகாதார அலுவலகத்துக்கும், மற்றொன்று மாநகர மன்றத்துக்கும் தபாலில் போய்விட்டன. பங்சாரில் குடியிருக்கும் வாசகர்கள் எவரேனும் ஐந்தாவது கையெழுத்தைப் போட விரும்பினால், பத்திரிகாசிரியர் மூலம் எழுதலாம்.