பூரணியின் சம்பளம்

உங்க மாமா, சித்தி வட்டாரத்துல அரவிந்தன், பூரணினு யாராச்சும் இருக்காங்களா பாஸ்? இருந்தா, அந்தப் பேருக்குப் பின்னால நா.பார்த்தசாரதி இருக்க நிறைய சான்ஸ் உண்டு. 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் 'கல்கி'யில் அவர் எழுதின தொடர்கதை 'குறிஞ்சி மலர்'. படிச்சு உருகின பலர் பிள்ளைகளுக்கு இந்தப் பேர்களை வெச்சாங்க. பின்னாடி அது தூர்தர்ஷன்ல சீரியலா வந்தப்ப, அரவிந்தனா நடிச்சது மு.க.ஸ்டாலின். ஆமா, 2021-ல் முதலமைச்சர் ஆனாரே, அவரேதான்! (கதையில தேர்தலில் நிற்கச் சொல்லி வற்புறுத்தப்படுறது என்னவோ பூரணி!)

எங்க ஊர் விருத்தாசலத்துல, பெரியம்மா இதைப் பார்த்தது பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா. செராமிக் யூனிட்ல பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுற வேலை. சீரியல் நாள்னா, கையில பெயின்ட்டோட ஓடுவாங்களாம். எல்லாம் ஸ்டாலினைப் பார்க்கத்தான்னு வீட்ல இன்னமும் கிண்டல் ஓடும்.

செமஸ்டர் லீவுல நாவலைப் படிச்சேன். தமிழ்ப் பேராசிரியரான அப்பா இறந்துபோக, திருப்பரங்குன்றத்துல தம்பி தங்கைகள் மூணு பேரோட தனியா நிற்கிறா பூரணி. மதுரைத் தெருவுல பசி மயக்கத்துல விழுறா. அப்புறம் மங்கையர் கழகத்துல பாடம் நடத்திச் சம்பாதிக்கிறா. அரவிந்தன் அச்சகத்துல வேலை பார்க்கிறவன். டைரியில கவிதை எழுதுற பார்ட்டி. பக்கம் பக்கமா லட்சியம் பேசுவாங்க. கொஞ்சம் பொறுமை வேணும். ஆனா, அந்தப் பசியை எழுதின இடத்துல புத்தகத்தை மூட முடியலை.

எனக்குக் கடுப்பானது கடைசியில்தான். அரவிந்தன் இறந்துடுறான். தாலியே கட்டாத பூரணி, விதவை மாதிரி மிச்ச வாழ்க்கையை ஓட்டணுமாம். இதுக்குப் பேர் தெய்வீகக் காதலா? இருபத்தி சொச்சம் வயசுப் பொண்ணுங்க அவ! 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்றாலும், குறிஞ்சிகூட மறுபடி பூக்குமே!

பெரியம்மாகிட்டயே சண்டைக்குப் போனேன். "இதுக்கா ஜன்னல்ல தொங்கினீங்க?"

"முடிவு எனக்கும் பிடிக்கலைடா. ஆனா, நான் ஓடினது அவனைப் பார்க்க இல்ல. ஒரு பொண்ணு சம்பளத்துல வீட்டுல எல்லாரும் சாப்பிடுறதை அன்னிக்குத்தான் டி.வி-யில பார்த்தேன்."

எங்க அம்மா செராமிக் டிப்ளமா முடிச்சது பெரியம்மாவோட பொம்மைக் காசுல. அம்மா பேரும் பூரணி இல்ல, பெரியம்மா பேரும் பூரணி இல்ல.