சேறு நிறையும் ஏரி

கேமரன் மலைக்குப் போனால் தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ரிங்லெட் ஏரியை வண்டியிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிய நீர் அது. மின்சாரத்துக்காகக் கட்டிய இந்த ஏரியின் தொடக்கக் கொள்ளளவே சுமார் 63 லட்சம் கன மீட்டர்தான். மேலே காடழித்துக் காய்கறி பயிரிட்ட சரிவுகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இடம் குறைந்த ஏரி பெருமழையை எப்படித் தாங்கும்? மதகைத் திறந்தே ஆக வேண்டும். 2013 அக்டோபர் 23, நள்ளிரவு கழிந்த வேளையில் திறந்தார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது, உயிர்களும் போயின.

அபாயச் சங்கு ஒலித்ததா என்றுதான் பலரும் கேட்பார்கள். சங்கு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் உறங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட எத்தனை நிமிடம் கிடைக்கும்? வேலை அணைக்கு மேலேயே தொடங்க வேண்டும் என்பேன். சேறு வாரும் செலவில் ஒரு பங்கைச் சரிவைக் கிண்டிப் பெரும் இலாபம் பார்ப்பவர்கள் ஏற்கட்டும். சிறு விவசாயி நொடித்துப் போவாரே என்பீர்கள், நியாயம்தான். அவருக்குப் படிவரப்பும் சேறு படியும் குட்டையும் அமைக்க மானியம் கொடுக்கலாம். ஆற்றோரத்தில் குடியிருப்போருக்கு மேட்டில் மாற்று வீடு தரவேண்டும். அந்தப் பட்டியலில் வாடகைக்கு இருப்பவர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் விட்டுவிடக் கூடாது.