மெலிந்த லினக்ஸ் எளிய லினக்ஸ் அல்ல

பழைய கணினிக்கு இருப்பதிலேயே மெலிந்த லினக்ஸ்தான் ஏற்றது என்ற வாதம் பாதிவழியில் நின்றுவிடுகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபின் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓரங்கட்டப்பட்ட கணினிகளில் நினைவகத்தை விழுங்குவது பெரும்பாலும் உலாவி. ஜிஎஸ்டி தளம், மின்னஞ்சல் எல்லாம் அதில்தானே! இயங்குதளத்தில் மிச்சமாகும் சில நூறு எம்பி இரண்டு டேப் திறந்தால் தீர்ந்தது. புதியவருக்கு மிஞ்சுவது பழகாத திரை மட்டுமே.

4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே போதும். விண்டோஸ் பழகியவர் தேடும் மெனு அதே இடக் கீழ்மூலையில் இருக்கும். 32 பிட் கணினியில் மட்டும் அது ஏறாது. டேலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது, ஆகவே கணக்கர் மேசையைத் தொடாதிருப்பது நல்லது. பேக்கிங் பகுதி லேபிள் பிரின்டர் ஒத்துழைக்குமா என்பதை, நிறுவும் முன்பே பென்டிரைவிலிருந்து இயக்கிச் சோதிக்கலாம்.