வாய் மூடிக் கிடந்தால் வைத்தியம் எப்படி?

சிலிபினில் நமக்கு அண்டை வீட்டில் இருக்கும் ஒரு மூதாட்டியை அண்மையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு மகனோடு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தவர்.

காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து, பத்தரைக்குத்தான் அழைத்தார்கள். இளம் டாக்டர் மலாயில் என்ன நோவு என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க டாக்டர் ஐயா, கொஞ்சம் இருமல்" என்றார் கிழவி. டாக்டர் குனிந்து எழுதினார். மூன்று நிமிடத்தில் சீட்டு கைக்கு வந்துவிட்டது.

மருந்து வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அம்மா மெல்லச் சொன்னார்: "மூணு மாசமா ராத்திரியில மூச்சு அடைக்குது தம்பி. ரெண்டு தரம் சளியில ரத்தம் வந்துச்சு."

"ஏம்மா, அதை உள்ளே சொல்லலே?"

"அவரு எழுதிக்கிட்டே இருந்தாரே. எப்படிச் சொல்றது?"

அன்பர்களே, இந்தப் பதிலை நாம் எளிதில் மறக்க முடியவில்லை. கேட்டவருக்குப் பொறுமை இல்லை. சொல்ல வேண்டியவருக்குத் துணிவு இல்லை. நடுவில் நோய் மட்டும் சௌக்கியமாக வளர்கிறது.

நம் மக்களுக்கு இந்த மௌனம் எங்கிருந்து வந்தது? பிறவிக் குணமா? இல்லை. தோட்டம் கற்றுக்கொடுத்த பாடம் அது. அந்தக் காலத்தில் நமக்கு டாக்டர் என்றால் டிரஸர்தான். அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். விடியற்காலைப் பெரட்டில் நிற்கும்போது காய்ச்சல் என்று சொன்னால், அது மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே. அவர் சீட்டு எழுதாவிட்டால் அன்றைய நாள் போச்சு. அல்லும் பகலும் நம் மக்களுக்காக உழைத்த நல்ல டிரஸர்களும் இருந்தார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யவே தனிச் சட்டம் வந்தது. ஆனாலும், நோயைச் சொல்லுமிடமும் வேலைக்குக் கணக்குச் சொல்லுமிடமும் ஒன்றாக இருந்தால் வாய் எப்படித் திறக்கும்? கேட்டதற்கு மட்டும் பதில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடை என்று பழகிப் போனோம். தோட்டம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

இந்த மௌனத்துக்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமா? களைக்கொல்லி அடித்த நம் பெண்களுக்கு நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது. பலர் அதை வெறும் சூடு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டார்கள். 2002-இல் தெனாகானித்தா அமைப்பு தோட்டங்களில் பூச்சிமருந்து நச்சு பற்றி ஓர் ஆய்வு நூலை வெளியிட்டது. 'நஞ்சூட்டப்பட்டோர், வாயடைக்கப்பட்டோர்' என்பது அதன் தலைப்பின் பொருள். நஞ்சையும் மௌனத்தையும் சேர்த்தே சொன்னார்கள், எவ்வளவு பொருத்தம்! அதே ஆண்டில் பாராகுவாட் மருந்துக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரியில்தான் முழுத் தடை வந்தது. விழுங்கிவிட்டால் முறிமருந்தே இல்லாத நஞ்சு அது. இவ்வளவு காலம் இழுத்ததற்கு, நம் நோவு டாக்டர் ஏட்டில் ஏறாமல் போனதும் ஒரு காரணமல்லவா? ஏட்டில் இல்லாத நோய்க்கு யார் சட்டம் போடுவார்கள்?

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் அதிகம், நேரம் குறைவு என்பது நமக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1984-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரி 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார். 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், குறுக்கிடாமல் கேளுங்கள் என்று டாக்டர்களைப் பழக்கிவிட்டு 335 நோயாளிகளைப் பேச விட்டார்கள். மணிக்கணக்கில் பேசினார்களா? இல்லை! சராசரி 92 விநாடி. ஐந்தில் நான்கு பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஆக, டாக்டர் ஒன்றரை நிமிடம் சும்மா இருந்தால் போதும். நோயாளியின் மௌனம் நோயை மறைக்கும்; டாக்டரின் மௌனம் நோயை வெளியே கொண்டு வரும்.

இன்னொரு மௌனமும் உண்டு. நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு மகனிடம் மட்டும் விவரம் சொல்வது. மகன் தாயிடம் சொல்லமாட்டான், தாயும் கேட்கமாட்டாள். உடம்பு யாருடையது? அவருக்குப் புரியும் மொழியில், பக்குவமாக, அவரிடமே சொல்ல வேண்டும். மொழி தெரியாவிட்டால் பக்கத்திலுள்ள தாதியை அழைத்துக்கொள்ளலாமே!

நம் மக்களுக்கு நாம் சொல்வது இதுதான். மருத்துவமனைக்குப் போகுமுன் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நோவு, எத்தனை நாளாக, என்ன வேலை செய்தோம். மருந்தடித்தவர் மருந்தடித்தேன் என்று மறக்காமல் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் பேரப்பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். "திரும்பச் சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இன்று செம்பனைக் காடுகளில் மருந்து அடிப்போரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். நாம் அன்று நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள், அதே பயத்தோடு. தொழிற்சங்கங்கள் அவர்களையும் நினைக்க வேண்டும்.

அந்த மூதாட்டியை நாம் மறுபடியும் டாக்டர் அறைக்கு அழைத்துப் போனோம். விஷயம் இருக்கிறது என்றோம். அந்த இளம் டாக்டர் முகம் சுளிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். கிழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த அம்மா மூன்று மாதக் கதையைச் சொல்லி முடித்தார். எக்ஸ்ரேக்கும் சளிப் பரிசோதனைக்கும் அன்றே எழுதிக் கொடுத்தார்கள்.

பேனாவைக் கீழே வைக்க ஒரு டாக்டர், வாயைத் திறக்க ஒரு நோயாளி. பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் மருந்து.